மஸ்கட்டில் இருந்தபடியே மறியல் செய்த மாப்பிள்ளைக்கு

சேசு மரி சூசை துணை

நீடாமங்கலம் வழி,
28.11.2003

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை ரெமிஜியஸ் அவர்களுக்கு உங்கள் மச்சான் குழந்தைராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டில் ஜாய்ஸும், உங்கள் வீட்டில் தங்கச்சி அருள்மேரியும், மகள் ஜாஸ்லினும், மாடும் கன்றும் சர்வேசுரன் புண்ணியத்தில் சுகம். அங்கு உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் கத்திய கத்தலிலேயே தொண்டையும் நெஞ்சும் நல்ல திடமாக இருப்பது தெரிந்துவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "மச்சான், நான் மஸ்கட்ல ஏ.சி. மெக்கானிக்கா இருக்கேன். எம்மேல நம்ம ஊர்ல சாலை மறியல் கேஸ் எப்புடி வந்துச்சு?" நான் ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன், உங்கள் கார்டு தீர்ந்துபோய்விட்டது. உங்கள் பாஸ்போர்ட் பிப்ரவரியோடு முடிகிறது, எம்பசியில் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு ஊரில் போலீஸ் விசாரணை, அது சரியாக வராவிட்டால் கம்பெனிக்காரன் வேலையை முடித்து அனுப்பிவிடுவான், கிறிஸ்மஸுக்கு வந்து தங்கச்சியையும் ஜாஸ்லினையும் ஃபேமிலி விசாவில் கையோடு அழைத்துப் போக நீங்கள் ஒரு வருஷமாகப் போட்ட திட்டம் அத்தனையும் பாழ் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்க வேண்டாம். தெரிந்துதான் ஒரு மாதமாகத் தூக்கம் இல்லாமல் அலைந்தேன். படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும், ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் என் தொழிலைப் பற்றி நாலு வார்த்தை. மச்சான் பத்திரிகை நிருபர் என்று நீங்கள் அங்கே ரூமில் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வதாகக் கேள்வி. பகுதிநேர நிருபர், மாப்பிள்ளை. மீதி நேரம் எஸ்.டி.டி. பூத். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே வாசலில் நாலு பேர் நிற்பார்கள். தெருவிளக்கு எரியலை எழுதுங்க, ரேஷன்ல மண்ணெண்ணெய் போடலை எழுதுங்க, எங்க ஓரகத்தி குப்பையை எங்க வாசல்ல கொட்டுறா அதையும் எழுதுங்க. தெருவிளக்கைப் பற்றி எழுதினால் பஞ்சாயத்துத் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எழுதாவிட்டால் தெருவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சரி, தலையெழுத்தே என்று எழுதினால், எழுதியதை எவனாவது முழுசாகப் படிக்கிறானா? கிடையாது. எல்லாரும் படிப்பது கடைசிப் பத்தியைத்தான். 'நிகழ்ச்சியில் இன்னார், இன்னார் உள்ளிட்ட பலர் கலந்துகொண்டனர்' என்று வருமே, அது ஒன்றுதான் செய்தி, மற்றதெல்லாம் இட்டு நிரப்பியது. பேர் இல்லாத செய்தி உப்பில்லாத கஞ்சி. போன வருஷம் மாதா கோயில் கொடியேற்றத்தில் துரைராசு பேர் விட்டுப்போனது, மனுஷன் இன்றைக்கு வரைக்கும் என் பூத்தில் போன் பேசுவதில்லை, நீடாமங்கலத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வருகிறார். அந்தப் பயத்தில்தான் நான் எங்கே போனாலும் முதலில் பேர் வாங்குவது, செய்தியை அப்புறம் கேட்பது.

இப்போது மறியலுக்கு வருகிறேன். ஐப்பசி பிறக்கப் போகிறது, கோரைவாய்க்காலில் நம் பக்கத்துக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை, வாய்க்காலில் மேலே உள்ளவர்கள் மதகு ஷட்டரை இறக்கிவிட்டுத் தங்கள் வயலில் வாத்து மேய்க்கிறார்கள், இங்கே நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது. மனுக் கொடுத்தாயிற்று, நானும் இரண்டு தரம் எழுதியாயிற்று. மறியல்தான் வழி என்று ஆனது. மறியலுக்கு ஆம்பளை வேண்டுமே? நீங்கள் மஸ்கட், தமிழ்மாறன் சிங்கப்பூர், முருகையன் துபாய், அவன் தம்பி எங்கே இருக்கிறான் என்று அவன் அம்மாவுக்கே தெரியவில்லை. ஊரில் மிஞ்சியது நானும் கோயில் உபதேசியாரும். எங்கள் இரண்டு பேருக்கும் மூட்டுவலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். அதனால் பெண்பிள்ளைகளே போனார்கள். முன்னால் நின்றது உங்கள் வீட்டுக்காரி, அவளுக்குத் துணை ரெங்கம்மாள். நம் வயலுக்கு அடுத்த வயல் ரெங்கம்மாள், மருதையன் சம்சாரம். ஒரு காலத்தில் இதே வாய்க்கால் கரையில் கூலிக்கு நாற்று நட்டுவிட்டு, இன்றைக்குச் சொந்தமாகப் பட்டா வைத்திருப்பவள். அவளுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ரயில்வே கேட் பக்கத்தில் உட்கார்ந்தால் பஸ்ஸெல்லாம் தப்பாமல் நிற்கும் என்பது ரெங்கம்மாள் யோசனை. நின்றதே! ஆனால் இவர்கள் உட்கார்ந்ததால் நிற்கவில்லை மாப்பிள்ளை, கேட் போட்டதால் நின்றது. ஜங்ஷனில் கூட்ஸ் வண்டிக்கு இன்ஜின் மாற்றுகிறான் போலிருக்கிறது, கேட்டைப் போட்டவன் திறக்கவே இல்லை. வெயிலில் நடுரோட்டில் இவர்கள் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பஸ்ஸில் வந்தவர்கள் வழக்கம்போல இறங்கி வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு நிற்கிறார்கள். இது மறியல் என்று ஒரு ஆத்மாவுக்கும் தெரியவில்லை. ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, கேட்டுத் தொறக்க நேரமாவும், அந்தப் புளியமரத்து நெழல்ல போயி ஒக்காருங்களேன், ஏன் இப்புடி காயிறீங்க?" என்று கேட்டாராம். அருள்மேரிக்கு அழுகையே வந்துவிட்டதாம். அப்புறம் கேட்டைத் திறந்தும் இவர்கள் நகராமல் இருந்த பிறகுதான் ஹாரன் அடித்து, ஆளுக்கு ஆள் கத்தி, அது மறியல் மாதிரி ஆகி, பாசன ஆபீஸிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, இரண்டு நாளில் தண்ணீர் வரும் என்று வாக்குக் கொடுத்து எழுப்பிவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் இலவச நோட்டுப் புத்தகம் கொடுக்கும் விழாவில் பேர் எழுதிக்கொண்டிருந்துவிட்டு ஓடிவந்து சேர்ந்தபோது இவர்கள் புடவையைத் தட்டிவிட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். சரி, பேராவது வாங்குவோம் என்று நோட்டைப் பிரித்தேன். ஆளாளுக்கு வீட்டுக்காரர் பேரைச் சொன்னார்கள். ரெங்கம்மாள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். பக்கத்தில் இருந்தவள், "மருதையன்னு எழுதுங்க" என்றாள்.

"மருதையன் செத்து நாலு வருஷமாச்சே அக்கா?" என்றேன் நான்.

"பட்டா இன்னும் அவரு பேருலதான கெடக்கு? நாத்து காஞ்சா அவரு நாத்துதான காயிது? எழுதுங்க தம்பி" என்றாள் ரெங்கம்மாள். நியாயமாகத்தான் பட்டது. வயதில் மூத்தவர் என்பதால் அவர் பேரை முதலில் போட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி மட்டும், "அருள்மேரின்னு எழுதுண்ணே" என்றாள். நான்தான் ரெமிஜியஸ் என்று எழுதினேன். மறைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள். ரேஷன் கார்டு உங்கள் பேரில், கரண்ட் கார்டு உங்கள் பேரில், அவள் மாதாமாதம் கொண்டுபோய்க் கட்டுகிற கோயில் வரி உங்கள் பேரில். மறியலை மட்டும் எப்படி அவள் பேரில் போடுவது? பெண்பிள்ளை நடுரோட்டில் உட்கார்ந்தாள் என்று பேப்பரில் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவான், கடல் தாண்டி இருக்கிற புருஷன் மனசு என்ன பாடுபடும் என்று, உங்கள் மரியாதையை உத்தேசித்துத்தான் செய்தேன். அதற்குத்தான் போனில் அப்படிக் கத்தினீர்கள்.

மறுநாள் செய்தி வந்தது. 'மருதையன் தலைமையில் விவசாயிகள் மறியல், போக்குவரத்து ஸ்தம்பிப்பு.' படமும் வந்தது, ஆனால் மை அப்பியதில் எல்லாரும் முக்காடு போட்ட நெல்மூட்டை மாதிரி இருந்தார்கள். ரெங்கம்மாள் பேப்பரை வாங்கி மருதையன் பேரின் மேல் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். "உசுரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் இப்புடி அவரு பேரு வந்துச்சா" என்று சொல்லி அழுதாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. அருள்மேரி மேலிருந்து கீழ் வரை இரண்டு தரம் படித்துவிட்டு, "அண்ணே, எம்பேரு எங்க?" என்றாள்.

"அதான் இருக்கே, ரெமிஜியஸ்னு."

பேப்பரை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து தமிழ்மாறன் போன். யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லாத இடத்தில் இருந்ததாக எழுதிவிட்டீர்களே என்று சண்டைக்கு வருவான் என்று நினைத்துப் பயந்துகொண்டே எடுத்தேன். "ஏண்ணே, முருகையன் பேருக்குக் கீழயா எம்பேரப் போடுவீங்க? அவன் நேத்துப் பய, நான் எத்தன மறியல் பாத்தவன்" என்கிறான். இந்த ஊரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, மாப்பிள்ளை?

இது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். மூன்றாம் நாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. 'மறியல் எதிரொலி' என்று அதையும் எழுதினேன். அந்த எதிரொலி எங்கே போய்க் கேட்டதோ, போலீஸில் மேலிடத்திலிருந்து நம் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, உன் எல்லையில் மறியல் நடந்து, அதற்கு எதிரொலியும் வந்து, உன்னிடம் ஒரு கேஸ்கூட இல்லையே என்று வாங்கு வாங்கு என்று வாங்கியிருக்கிறார்கள். மறியல் அன்றைக்கு அவர் எங்கோ பந்தோபஸ்தில் இருந்தவர், உட்கார்ந்தவர்கள் முகத்தையே பார்க்காதவர். என்ன செய்தார்? நம் பேப்பரை எடுத்து மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, நான் எழுதிய வரிசைப்படியே பேர்களை இறக்கி எழுதிவிட்டார். முதல் எதிரி மருதையன், இரண்டாவது எதிரி நீங்கள்.

சம்மனைக் கொண்டுவந்தவர் ஏட்டு சாமிதுரை. தங்கமான மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். ரெங்கம்மாள் வாசலில் நின்று, "மருதையன் இருக்காராம்மா?" என்று கேட்டிருக்கிறார். "இருக்காரு. வாய்க்கா தாண்டி இடுகாட்டுல, மேற்கால ரெண்டாவது. கையெழுத்து வாங்கிட்டு வந்தீங்கன்னா எனக்கும் காட்டுங்க, பாத்து நாளாச்சு" என்றிருக்கிறாள். அவர் அப்படியே திரும்பி வந்து என் பூத்தில் உட்கார்ந்து சோடா குடித்தார்.

அதே சாமிதுரைதான் பத்து நாள் கழித்து உங்கள் பாஸ்போர்ட் விசாரணைக்கும் வந்தார். அருள்மேரி காபி கொடுத்தாள். கூப்பிட்டனுப்பினாள், நானும் போயிருந்தேன்.

"ஆள் எங்கம்மா இருக்காரு?"

"மஸ்கட்ல, மூணு வருஷமா."

"நடுவுல வந்தாரா?"

"வரவே இல்ல."

"அப்ப பொரட்டாசிக் கடைசில கேட்டாண்ட ஒக்காந்தது யாரு?"

எனக்குக் காபி புரையேறிவிட்டது. மூன்று வருஷமாக மஸ்கட்டில் இருப்பதாக எம்பசி சொல்கிறது, மறியலில் இருந்ததாக ஸ்டேஷன் சொல்கிறது. இரண்டும் அரசாங்கம். எதைப் பொய் என்பது? 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்று எழுதினால் உங்கள் பாஸ்போர்ட் அம்போ. சாமிதுரை பாவப்பட்டு, ஒரு வாரம் தாமதிக்கிறேன், அதற்குள் ஏதாவது செய்யுங்கள் என்று காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஓடினேன் இன்ஸ்பெக்டரிடம். ஐயா, அது என் தப்பு, அவர்கள் யாரும் உட்காரவில்லை, படத்தைப் பாருங்கள் என்றேன். பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எந்த மூட்டை ரெமிஜியஸ்?" என்று கேட்டார். அப்புறம், "மறியலே நடக்கலைன்னு உங்க பேப்பர்லயே ஒரு மறுப்புப் போடுங்க, கேஸை மூடிடறேன். எனக்கும் செத்தவனக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற தொல்லை இருக்காது" என்றார். தஞ்சாவூரில் எங்கள் செய்தி ஆசிரியர் சாரங்கபாணிக்குப் போன் போட்டேன். அவர் பாட்டுக்கு எகிறுகிறார். "மறியலே நடக்கலைன்னா எதிரொலி எப்படிய்யா வந்துது? தண்ணி தானா வந்துதா? யாரு ஒக்காந்தாங்களோ அவங்க பேரைப் போட்டுத் திருத்தம் குடு, போடறேன். இல்லைன்னா நாளையிலேர்ந்து பூத்தை மட்டும் பாத்துக்கோ."

சரி, உட்கார்ந்த பெண்பிள்ளைகளிடமே சொல்லிப் பார்ப்போம் என்று எல்லாரையும் உங்கள் வீட்டு வாசலில் கூட்டினேன். தங்கச்சி, மறியல் நடக்கவில்லை என்று நாலு வரி போட்டால் போதும், மாப்பிள்ளை வேலை தப்பிக்கும், ஊர் ஆம்பளைகள் மேல் உள்ள கேஸும் போகும் என்றேன்.

"அப்ப மேல உள்ளவன் என்ன சொல்லுவான்? மறியலே இல்லையாம், தண்ணி எதுக்குன்னு ஷட்டர இறக்கிடுவான்" என்றாள் ரெங்கம்மாள்.

அருள்மேரி எழுந்து நின்றாள். நம் அருள்மேரிதான், ஜெபம் சொல்லும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதே, அவள்தான். "வெயில்ல ஒக்காந்தது நாங்க. காலு கொப்புளிச்சது எங்களுக்கு. பேரு வந்தது அவுங்களுக்கு. சரி போவுதுன்னு இருந்தோம். இப்ப ஒக்காந்ததே பொய்யின்னு எழுதப் போறியாண்ணே? அன்னைக்கே எம்பேரச் சொன்னேன்ல, அத எழுதியிருந்தா இந்தப் பாடு உண்டா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அத்தனை பேரும் கிளம்பி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். "நாங்கதாங்க ஒக்காந்தது. எங்க பேர எழுதிக்கிட்டு எங்க ஊட்டு ஆம்பளைங்கள விட்டுடுங்க" என்று வாசலிலேயே உட்கார்ந்தாயிற்று. இன்ஸ்பெக்டர் முதலில் அதட்டினார். அப்புறம் கெஞ்சினார். பெண் போலீஸ் இல்லை, உட்கார வைக்க இடம் இல்லை, வீட்டுக்குப் போங்கம்மா என்கிறார், ஒருத்தியும் அசையவில்லை. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் அங்கேயே வந்து சேர்ந்து, ரைட்டர் மேஜையில் சோற்றுத் தூக்கைத் திறந்துவிட்டன. கடைசியில் மனுஷர் தலையில் அடித்துக்கொண்டு, விசாரணையில் உண்மை தெரியவந்தது என்று எழுதி, ஆம்பளைகள் பேரை எடுத்துவிட்டு இவர்கள் பேரைச் சேர்த்தார். இரண்டாவது எதிரியாக இருந்த நீங்கள் இப்போது எதிரி இல்லை. முதல் எதிரி அருள்மேரி. ரெங்கம்மாள் மட்டும், மருதையன் பேரை எடுத்ததில் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

திருத்தமும் வந்துவிட்டது. கடைசிப் பத்தியில் முதல்முறையாகப் பெண்பிள்ளைகள் பேர் மட்டும். சாமிதுரை நேற்று உங்கள் காகிதத்தில் 'வழக்கு ஏதும் இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். ஆக, மாப்பிள்ளை, உங்கள் வேலை பிழைத்தது, பாஸ்போர்ட் வந்துவிடும். திட்டப்படியே கிறிஸ்மஸுக்கு வந்து, பாலன் பிறப்புப் பூசையைப் பார்த்துவிட்டு, தங்கச்சியையும் பிள்ளையையும் சந்தோஷமாக அழைத்துக்கொண்டு போகலாம். எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிக் கொடுத்திருக்கிறேன், இனியாவது என்மேல் கோபத்தை விடுங்கள். ஜாய்ஸ் உங்களை ரொம்பக் கேட்டாள். தேவமாதா உங்கள் வேலையையும் உங்கள் ரூமில் உள்ள பிள்ளைகளையும் வெயில் தாக்காமல் காப்பாற்றட்டும். வரும்போது தலைவலித் தைலம் இரண்டு பாட்டில் கூடுதலாக வாங்கி வரவும், எனக்குத்தான்.

இப்படிக்கு உங்கள் நலம் விரும்பும் மச்சான்,
குழந்தைராஜ்

பி.கு: உங்கள் போஸ்ட் பாக்ஸ் நம்பர் கேட்பதற்காகக் கடிதத்தை அருள்மேரியிடம் கொண்டுபோனேன். வாங்கி முழுசும் படித்தாள். சிரித்தாள். "எல்லாம் எழுதின, எம் பாஸ்போர்ட்டப் பத்தி எழுதலையேண்ணே" என்றாள். அப்போதுதான் மாப்பிள்ளை என் மரமண்டைக்கு உறைத்தது. ஃபேமிலி விசாவுக்காக எழுதிப் போட்ட அவளுடைய பாஸ்போர்ட்டுக்கும் விசாரணை நிலுவையில் இருக்கிறதே! நேராகச் சாமிதுரையிடம் ஓடினேன். வழக்கு முடிகிற வரைக்கும் முதல் எதிரிக்குப் பாஸ்போர்ட் கிடையாது என்கிறார். அதைவிட இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு ஸ்டேஷனில் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அவள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "எம்பேருல கேஸ் வந்தா நான் வெளிநாடு போக முடியாதுல்ல?" என்று கேட்டாளாம். முடியாதும்மா, முடிய மூணு நாலு வருஷம் ஆகும் என்று இவர் சொன்னாராம். உடனே பேனாவை வாங்கிக்கொண்டாளாம்.

திரும்பி வந்து, ஏன் தாயே இப்படிச் செய்தாய், அந்த மனுஷன் உனக்காக அங்கே வீடு பார்த்து வைத்திருக்கிறாரே என்று சத்தம் போட்டேன். வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பயிர் முழங்கால் உயரம் நிற்கிறது. நிமிராமலேயே சொன்னாள்: "விசாவுக்குச் சொல்லியாச்சுன்னாரு. வீடு பாத்தாச்சுன்னாரு. நீயும் டிக்கெட்டுக்குப் பேரு குடுத்தாச்சுன்ன. வர்றியான்னு யாராச்சும் என்னக் கேட்டீங்களாண்ணே?"

நான் கேட்கவில்லை, மாப்பிள்ளை. நீங்கள் கேட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. லீவைத் தை கடைசி வரைக்கும் போட்டுக்கொண்டு வரச் சொல்லச் சொன்னாள். அறுப்புக்குக் கட்டுத் தூக்க ஒரு ஆம்பளை குறைகிறதாம்.